தலைப்பிரட்டைக்குக் கடிவாளம்

குட்டைகளில் வாலை ஆட்டி நீந்தும் தலைப்பிரட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். 1912-இல் குடர்நாட்ச் என்ற விஞ்ஞானி அவற்றுக்குக் குதிரையின் தைராய்டுச் சுரப்பியை உணவாகக் கொடுத்தார். அவை வளர்ந்து பெரிதாகும் முன்பே வாலை இழந்து, கால் முளைத்து, மிகச் சிறிய தவளைகளாக உருமாறிவிட்டன!

தைராய்டு ஹார்மோன்தான் உருமாற்றத்தைத் தொடங்குகிறது. அப்படியானால் அது வரும்வரை உருமாற்றத்துக்குரிய ஜீன்கள் சும்மா இருக்கின்றனவா? இல்லை, அடக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. செல்லின் உட்கருவில், ஹார்மோனை ஏற்கும் 'ஏற்பி' என்ற புரதம் முன்னதாகவே டி.என்.ஏ. மீது அமர்ந்திருக்கிறது. தனித்து அல்ல, அடக்கும் துணைப் புரதங்களுடன். டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசெட்டைல் தொகுதிகளை இவை நீக்கிவிடுகின்றன. டி.என்.ஏ. எதிர்மின்னூட்டமும் ஹிஸ்டோன் நேர்மின்னூட்டமும் உடையவை. அசெட்டைல் சேர்ந்தால் நேர்மின்னூட்டம் குறைந்து பிடி தளரும். நீங்கினால் பிடி இறுகும். எங்கள் பௌதிகப் பாடத்துக் கூலூம் இங்கேயும் வந்துவிட்டார், பார்த்தீர்களா?

ஹார்மோன் வந்து சேர்ந்ததும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. அடக்கும் துணைகள் விலக, தூண்டும் துணைகள் வந்து அசெட்டைலை ஏற்றுகின்றன. ஜீன் வேலை செய்யத் தொடங்குகிறது.

இந்த அடக்குமுறை உண்மையில் தேவைதானா? ஸெனோபஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளையில், ஆல்ஃபா வகை ஏற்பிக்குரிய ஜீனைச் செயலிழக்கச் செய்து பார்த்தார்கள். 2015-இல் முடிவுகள் வெளியாயின. அந்தத் தலைப்பிரட்டைகளுக்குப் பின்னங்கால்கள் உரிய காலத்துக்கு முன்பே முளைத்தன. ஆனால் ஹார்மோனைக் கொடுத்தபோது அவற்றின் பதில் மந்தமாகவே இருந்தது. அடக்கி வைத்திருந்த அதே ஏற்பிதானே தூண்டவும் வேண்டும்?