உம்மாவும் வாப்பாவும் சேர்ந்துண்ண ஒரு மக்ரோனி

எங்கள் வீடுகளில் உம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் உண்பார். ஆனால் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாய் வைத்துப் பருகிய இடத்திலேயே நபி (ஸல்) அவர்களும் வாய் வைத்துப் பருகியதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்துண்பதற்கு ஏற்ற உணவொன்றைச் சொல்கிறேன். எகிப்திய வீடுகளில் விரும்பி உண்ணும், வெள்ளை சோஸ் ஊற்றி பேக் செய்யும் மக்ரோனி அது.

இருவருக்கு 150 கிராம் மக்ரோனி போதும். பொதியில் குறித்த நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். மீதியை சோஸிலே வேகும்.

25 கிராம் பட்டரை உருக்கி, 25 கிராம் கோதுமை மாவை மெல்லிய தீயில் வறுங்கள். கொழுப்பு மாவுத் துகள்களைப் பிரித்து வைப்பதால் கட்டிபடாது. 350 மில்லிலீற்றர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறினால், மாப்பொருள் நீரை உறிஞ்சிப் பருத்து, சோஸ் தடிக்கும். உப்பு, மிளகு, எங்கள் மாத்தளைச் சாதிக்காய்த் துருவல் சிறிது சேருங்கள். பிய்த்த கோழி இறைச்சியையும் மக்ரோனியையும் கலந்து, மேலே சீஸ் தூவுங்கள். சீஸுக்கான ரெனெட் கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படுவதால் ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள்.

ஒவனில் 180 பாகை செல்சியஸில் 25 நிமிடம் வையுங்கள். பல்லேபொலயில் எல்லா வீட்டிலும் ஒவன் இல்லை. தடித்த சட்டியைச் சிறு தணலில் வைத்து, தகர மூடியின் மேலும் தணல் போடுங்கள். மேலிருந்து சூடு பட்டால்தான் சீஸ் பொன்னிறமாகும். இறக்கி 10 நிமிடம் ஆறவிட்டால் சோஸ் இறுகும்.

இரண்டு கோப்பைகள் மட்டும் வையுங்கள். அன்றைக்குப் பரிமாறுவது பிள்ளைகளின் வேலை, உம்மா உட்காரட்டும்.