முகத்தில் கரும்புள்ளியா? கண்ட கிரீமையும் தடவாதீங்க!

கோவளம்,-

கோவளம் கடற்கரையில் படகு வந்ததும் கூடையோடு ஓடும் பெண்களுக்கும், வலை பிரிக்கும் ஆண்களுக்கும், மணலில் மீன் காயப்போடும் பாட்டிகளுக்கும் வானம்தான் கூரை. 40 வயதைத் தாண்டினால் கன்னம், நெற்றி, புறங்கையில் பழுப்புப் புள்ளிகள் எட்டிப் பார்க்கும். 'வயசாயிடுச்சு, வேறென்ன' என்று விட்டுவிடுவது வழக்கம்.

ஆனால் வயசை விட வெயில்தான் இதில் பெரிய குற்றவாளி. புற ஊதாக்கதிர் படப்பட, தன்னைக் காத்துக்கொள்ள தோல் மெலனின் என்ற கருநிறப் பொருளைச் சுரக்கிறது. வருஷக்கணக்கில் இது நடந்தால் அங்கங்கே திரண்டு புள்ளியாக நின்றுவிடும். கடற்கரையில் வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. காய்ந்த மணல் சுமார் 15 சதவீதம், அலை நுரை சுமார் 25 சதவீதம் கதிரைத் திருப்பி அடிக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேகம் போட்டிருந்தாலும் கதிர் இறங்கத்தான் செய்யும்.

இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் திட்டாகப் படர்ந்தால் அது மங்கு. கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது அதிகம் வரும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும்.

புள்ளியோ மங்கோ, ஆபத்து அதில் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ட்யூபில்தான் இருக்கிறது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று அட்டையில் இருந்தால் அது ஸ்டீராய்டு. தடவிய சில நாளில் முகம் பளிச்சென்று ஆகும். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சிபாரிசு போகும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பி, முகத்தில் முடி முளைக்கும். நிறுத்தினால் எரிச்சலோடு கறுப்பும் திரும்பி வரும். டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் கெடுபிடி செய்தது.

பெயரே தெரியாத வெள்ளைக் கிரீம்கள் இன்னும் மோசம். கேரள மாநிலம் மலப்புரத்தில் 2023-ல் இப்படிப்பட்ட கிரீம் தடவியவர்களுக்கு சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. கிரீமில் கலந்திருந்த பாதரசமே காரணம் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தனர். எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போனாலும் தோல் வெந்து, கறுப்பு அதிகமாகும்.

சிகிச்சை இல்லாமல் இல்லை. நிறம் குறைக்கும் கிரீமை டாக்டர் சில மாதம் மட்டும் கொடுப்பார். கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது, லேசர் எல்லாம் உண்டு. ஆனால் நம்மூர் மாநிறத் தோலில் கை தவறினால் தழும்பும் கறுப்பும் மிஞ்சும். எதைச் செய்தாலும் வெயிலை மறைக்காவிட்டால் புள்ளி திரும்ப வரும்.

காலை 10 முதல் மாலை 4 வரை வெயிலின் வீரியம் அதிகம். அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, மீன் விற்கும் இடத்தில் குடை போதும், பாதி வேலை முடிந்தது. முடிந்தவர்கள் எஸ்.பி.எப். 30 உள்ள சன்ஸ்கிரீன் தடவலாம். வேர்த்தால் போய்விடும் என்பதால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும்.

புள்ளி திடீரென்று பெரிதானாலோ, ஓரம் கோணலாக மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ, ஆறாத புண்ணாக நின்றாலோ தள்ளிப்போடக் கூடாது. அது புற்றுநோயா என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது இதுவரை தடவிய ட்யூபையும் மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.