பைக் ஓட்டியவனும் கொலைக் குற்றவாளியா?

“எம் புள்ள வெட்டலைங்க, வண்டி மட்டும்தான் ஓட்டினான்.” கொலை வழக்கு வாய்தா நாளில் பூந்தமல்லி நீதிமன்ற வளாகத்தில் நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழாமல் இருக்காது. அம்பத்தூர், ஆவடி பக்கத்து முன்விரோதக் கொலைச் செய்திகளில் ‘ஆறு பேர் கைது’, ‘எட்டுப் பேர் சரண்’ என்று படிக்கிறோம். அதில் கத்தி பிடித்த கை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மற்றவர்கள் வண்டி ஓட்டியவன், ஆள் வருகிறானா என்று பார்த்துச் சொன்னவன், ‘சும்மா வாடா’ என்று கூப்பிட்டதும் பின்சீட்டில் ஏறிக்கொண்டவன். அந்தத் தாய் சொல்வது முழு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீதிமன்றம் கேட்பது வேறு. வண்டியைக் கிளப்பும்போது எதற்காகப் போகிறோம் என்பது அவனுக்குத் தெரியுமா?

தெரியும் என்று நிரூபணமானால் வெட்டியவனுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனைதான் ஓட்டியவனுக்கும். இதற்குச் சட்டத்தில் மூன்று வழிகள் உண்டு. பொது எண்ணம் என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 34-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 3(5). இரண்டு பேர் இருந்தாலே இது பொருந்தும். ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் சட்டவிரோதக் கூட்டம். அது 149, இப்போது 190. கூட்டத்தின் நோக்கத்துக்காக ஒருவன் செய்த குற்றமும், அப்படி நடக்கக்கூடும் என்று மற்றவர்கள் அறிந்திருந்த குற்றமும் அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லார் தலையிலும் விழும். மூன்றாவது குற்றச்சதி, 120பி, இப்போது 61(2). இதற்குச் சம்பவ இடத்தில் இருக்கவே வேண்டியதில்லை. ‘ஸ்கெட்ச்’ போட்டபோது உடன்பட்டிருந்தால் போதும்.

இந்த வலை எவ்வளவு அகலம், அதில் யாரை நிறுத்தலாம், யாரை நிறுத்தக் கூடாது என்பதற்கு நாட்டிலேயே பெரிய பாடம் பூந்தமல்லியிலிருந்துதான் வந்தது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கை விசாரித்த தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் இங்கேதான் இருந்தது. 1998 ஜனவரி 28 அன்று, கூண்டில் நின்ற 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு வந்தது. தடா வழக்கு என்பதால் உயர் நீதிமன்றத்தைத் தாண்டி மேல்முறையீடு நேரே டெல்லிக்குப் போனது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த 26 பேரைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தது. கொலைச் சதியிலிருந்து 19 பேரை விடுவித்தது, மூவருக்கு ஆயுள் என்றது, நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. அந்த நால்வரிலும் நளினிக்குத் தூக்கு கூடாது என்றார் மூன்று நீதிபதிகளில் ஒருவரான கே.டி. தாமஸ்.

அந்த 19 பேரில் பலர் ஏன் தப்பினார்கள் என்பதைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும். கொலைக்குப் பிறகு குற்றவாளிகளுக்கு இடம் கொடுத்தவர்களைக் கொலைச் சதியில் சேர்க்க முடியாது, சம்பவம் முடிந்தபோதே சதியும் முடிந்துவிட்டது என்றது நீதிமன்றம். கொலையாளியோடு பழக்கம் இருந்தது, அவன் ஆள் என்று தெரியும் என்பதெல்லாம் போதாது; குற்றத்துக்கு உடன்பாடு இருந்ததா என்பதே கணக்கு. அதற்காக அடைக்கலம் கொடுப்பது குற்றமில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். அது தனிக் குற்றம், கொலையாளியை ஒளித்துவைத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. கணவன் மனைவிக்கு மட்டுமே இதில் விலக்கு உண்டு. பெற்ற தாய்க்குக் கிடையாது.

தூக்கு உறுதியான அந்த நால்வரில் ஒருவரான பேரறிவாளன் விஷயம் இன்னும் நுட்பமானது. ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தது அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், பேட்டரி எதற்கு என்று தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாக 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு மனிதனுக்குத் தெரிந்திருந்ததா என்ற ஒற்றை வரியில் தூக்குக் கயிறு தொங்கியிருக்கிறது! 2014-ல் அவர் தண்டனை ஆயுளானது, 2022 மே 18 அன்று விடுதலை வந்தது. தடாவில் காவல்துறை அதிகாரி எழுதிய வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்பட்டது. சாதாரணக் கொலை வழக்கில் போலீஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. ஆகவே ஸ்டேஷனில் பையன் ஒத்துக்கொண்டுவிட்டான் என்று கேட்டதும் நம்பிக்கையைக் கைவிட வேண்டியதில்லை.

தண்டனை பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ‘சின்னப் பங்குதானே, நீதிபதி பார்த்துக் குறைச்சுப் போடுவார்’ என்பார்கள். குறைக்க முடியாது. கொலைக் குற்றத்துக்கு ஆயுள்தான் மிகக் குறைந்த தண்டனை; அதற்குக் கீழே இறங்க நீதிபதிக்கு அதிகாரமே இல்லை. கூட்டுக் கொலை மேல்முறையீட்டில் உண்மையான சண்டை தண்டனையின் அளவு பற்றியது இல்லை, பிரிவு பற்றியது. பொது எண்ணம் உடைந்தால் அவனவன் செய்ததற்கு மட்டும் அவனவன் பொறுப்பு. திடீர்ச் சண்டையில் விழுந்த அடி என்று நிலைநாட்டினால் கொலையாகாத மரணக் குற்றமாக இறங்கலாம். உடன் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையாகி எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே போய், அடையாளம் தெரியாத வேறு ஆட்களும் இல்லையென்றால், சட்டவிரோதக் கூட்டம் என்ற பிரிவே நிற்காது. கூட்டமாகப் பலரைச் சேர்த்த வழக்குகளில் ஒற்றைச் சாட்சியை நம்பாமல் இரண்டு மூன்று பேர் ஒரே மாதிரி சொல்கிறார்களா என்று பார்ப்பது நல்லது என 1964-லேயே மசால்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில் 2016-ல் அரசியல் சாசன அமர்வு இன்னொன்றையும் தீர்த்தது: பல கொலைகளுக்குப் பல ஆயுள் தண்டனை விதிக்கலாம், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்ல முடியாது.

நடைமுறைக்கு வருவோம். சிறைத் தண்டனை விதித்த அன்றே தீர்ப்பு நகலை இலவசமாகப் பெறுவது தண்டிக்கப்பட்டவரின் உரிமை. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள், தூக்கு என்றால் 30 நாள். புழல் சிறையிலிருந்தே கண்காணிப்பாளர் மூலம் மனு அனுப்பலாம். தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விடும்படியும் கேட்கலாம். சம்பவ நாளில் 18 வயது நிறையவில்லையென்றால் அதை மேல்முறையீட்டிலும், இறுதித் தீர்ப்புக்குப் பின்னும்கூட எழுப்பலாம். பள்ளிச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வெட்டுப்பட்டுச் செத்தவன் வீட்டுக்கும் உரிமை உண்டு, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. குற்றவாளி விடுதலையானாலோ, சிறிய பிரிவில் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதவில்லையென்றாலோ அவர்களே மேல்முறையீடு செய்யலாம். இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

‘ஏரியா அண்ணன்’ வக்கீல் வைத்துத் தருகிறார் என்றால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஒரே வக்கீல் எட்டுப் பேருக்கும் வாதாடும்போது, உங்கள் பையனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது என்ற வாதம் மற்ற ஏழு பேருக்கு இடைஞ்சல். அது பேசப்படாமலே போய்விடும். அவனுக்கென்று தனி வக்கீல் கேளுங்கள். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.