நாளை யார் எந்தச் சமயத்தில்?
திருகோணமலையின் கணக்கும் நமது கடமையும்

கிராமச் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளைகளில் அடிக்கடி எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. "இன்னும் முப்பது வருஷத்தில இந்தப் பக்கத்தில எந்தச் சமயத்து ஆக்கள் கூடவா இருப்பினம்?" என்பதே அது. கேட்பவர் இந்துவாகவோ, இஸ்லாமியராகவோ, பௌத்தராகவோ, கிறிஸ்தவராகவோ இருக்கலாம். எல்லோருடைய குரலிலும் ஒலிப்பது ஒரே அச்சம்தான்.

இக்கேள்வியைச் சிந்திக்கச் சீனன்குடா பொருத்தமான இடம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே ஆங்கிலேயர் இங்கு எண்ணெய்க் குதங்களையும் விமானத் தளத்தையும் அமைத்தனர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் இங்குதான். 1957இல் ஆங்கிலேயர் தளங்களைக் கையளித்துச் சென்றனர். பின்னர் மாவு ஆலை வந்தது. சமயத்தைப் பார்த்து எவரும் இங்கு குடியேறவில்லை. வேலையைப் பார்த்தே வந்தனர். ஓர் ஊரின் சமய விகிதாசாரத்தைப் போதகர்களைவிடத் தொழிலும் போரும் அதிகமாக மாற்றுகின்றன என்பதற்கு இதுவே முதற் சான்று.

கணக்கு கூறுவது என்ன?

1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் பௌத்தர், இந்துக்கள், இஸ்லாமியர் ஆகிய முப்பிரிவினரும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினராக இருந்தனர். போரினால் 2001ஆம் ஆண்டு மதிப்பீடு இங்கு முழுமை பெறவில்லை. 2012இல் இஸ்லாமியர் 40 வீதத்தைத் தாண்டியிருந்தனர். பௌத்தரும் இந்துக்களும் தனித்தனியே சுமார் 26 வீதம். கிறிஸ்தவர் சுமார் 6 வீதம்.

இம்மாற்றம் மதமாற்றத்தால் வந்ததன்று. போரினால் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என எல்லோருமே இடம்பெயர்ந்தனர். படகேறி இந்தியா சென்றவர்களிலும், ஐரோப்பா, கனடா சென்றவர்களிலும் பலர் திரும்பவில்லை. பிறப்பு வீதமும் சமூகத்துக்குச் சமூகம் வேறுபட்டது. நாடு முழுவதிலும் இந்துக்கள் 1981இல் 15.5 வீதமாயிருந்து 2012இல் 12.6 வீதமாகக் குறைந்ததற்கும் புலம்பெயர்வு ஒரு முக்கிய காரணம். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் மலையக மக்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதையும் இங்கு மறத்தலாகாது.

உலக நிலையும் இதுவே. பியூ ஆய்வு நிலையம் 2015இல் வெளியிட்ட கணிப்பின்படி, 2010இல் உலக மக்களில் 23 வீதமாயிருந்த இஸ்லாமியர் 2050இல் 30 வீதமாவர்; கிறிஸ்தவர் 31 வீதத்திலேயே நிற்பர். இதற்கும் தலையாய காரணம் பிறப்பு வீதமும் இளவயதினரின் தொகையுமே.

கிறிஸ்தவர்களுக்குள்ளே

நாட்டில் கிறிஸ்தவர் 1981இலும் 2012இலும் ஏறக்குறைய 7.6 வீதமாகவே இருந்தனர். புதிதாகச் சேர்ந்தோரும் நாட்டைவிட்டுச் சென்றோரும் ஒருவரையொருவர் ஈடுசெய்திருக்கலாம். ஆயினும் உள்ளே ஒரு நகர்வு உண்டு: கத்தோலிக்கரின் பங்கு குறைய, ஏனைய சபைகளின் பங்கு கூடியது. 1920களில் கொழும்பில் பெந்தகோஸ்து மிஷன் தோன்றிய நாள் முதலே இந்நகர்வு மெல்ல நடைபெறுகின்றது. நோயுற்ற வீட்டுக்கு அன்றிரவே சென்று செபிக்கும் சிறு சபை ஒருபுறம். மாதம் ஒருமுறை மட்டும் திருப்பலி காணும் தூரத்துக் கிராமம் மறுபுறம். பிறரைக் குறை கூறுமுன் இந்த இடைவெளியை நாம் அளந்து பார்க்க வேண்டும்.

உதவியும் சமயமும்

சுனாமிக்குப் பின்னர் நிவாரண வரிசையில் நின்ற ஒரு தாய், "சுவாமி, கோயிலுக்கு வந்தாத்தான் தருவீங்களோ?" என்று கேட்டார். அப்படி ஒன்றுமில்லை என்று கூறிப் பொருட்களைக் கொடுத்தோம். ஆயினும் அவர் அவ்வாறு கேட்க நேர்ந்ததே வேதனைக்குரியது.

இச்சந்தேகம் நீதிமன்றம் வரை சென்றது. சமூகப் பணியையும் சமயப் பரம்பலையும் இணைக்கின்றது என்பதால், மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானது என 2003இல் உயர் நீதிமன்றம் கருதியது. 2005இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு, அக்கன்னியரின் உரிமை மீறப்பட்டதாகக் கூறியது. இதனிடையே, 2004இல் ஜாதிக ஹெல உறுமய கட்டாய மதமாற்றத் தடை மசோதாவைக் கொண்டுவந்தது. அதன் சில பிரிவுகளும் அரசியலமைப்புக்கு முரணானவை என்றே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் எதுவாயினும் நமது வழி தெளிவானது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட சமயச் சுதந்திரம் பற்றிய ஏடு, குறிப்பாக ஏழைகளிடமும் கல்லாதவரிடமும் தகாத முறையில் வற்புறுத்துவதைக் கண்டிக்கின்றது. பசித்தவனின் கையில் அரிசியையும் விசுவாசப் பத்திரத்தையும் ஒன்றாகத் திணிப்பது நற்செய்தியாகாது. மனமுவந்து ஒருவர் சமயம் மாறுவாராயின், அது அவரது மனச்சான்றின் உரிமை. அதை மறிப்பதும் நமது பணியன்று.

வரும் பத்தாண்டுகளிலும் விகிதாசாரம் மாறவே செய்யும். இளைஞருக்கு ஊரில் தொழில் இல்லையேல் அவர்கள் செல்வர். அவர்களுடன் கோயில்களும் வெறுமையாகும். ஆகவே மீனவர் கூட்டுறவுச் சங்கமும், சிறு குளத்தைத் திருத்தும் பணியும், கடன் சங்கமும் நாற்சமயத்தவரும் ஒன்றாக அமரும் மேசைகளாக அமைய வேண்டும். தொகையில் யார் கூடினாலும் குறைந்தாலும் அயலவர் அயலவராகவே வாழ அதுவே வழி.

குழுவாகச் சிந்திக்க

1. உங்கள் கிராமத்திலிருந்து கடந்த பத்தாண்டுகளில் எத்தனை குடும்பங்கள் வெளியேறின? ஏன்?
2. உங்கள் சங்கத்தின் நிர்வாக சபையில் எல்லாச் சமயத்தவருக்கும் இடமுண்டா?
3. உதவி பெறுவோர் பட்டியல் எந்த அடிப்படையில் தயாரிக்கப்படுகின்றது? அதை எல்லோரும் பார்க்க முடிகின்றதா?