எட்டும் பதினாறும் சேருமா?

எங்கள் வீட்டில் மேசைக் கணினி ஒன்றுதான். பகலில் அது என் மனைவிக்கு. ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்களின் அளவு, வாங்கிய முன்பணம், கொடுக்க வேண்டிய தேதி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இரவில் கல்லூரியில் படிக்கும் மகனுக்கு. ஐந்து ஆண்டுகளாக உழைத்த அந்தக் கணினி, பொங்கல் ஆர்டர்கள் குவியும் நேரம் பார்த்து மூச்சு வாங்கத் தொடங்கியது. பிரௌசரில் ஏழெட்டுப் பக்கங்கள் திறந்திருக்கும்போது எக்செல்லைத் திறந்தால், தேநீர் கலக்கிக் கொண்டு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

"என்னங்க, புதுசு வாங்கிடலாமா?" என்றார் மனைவி. வாங்கலாம்தான். ஆனால், எது குறைகிறது என்று தெரியாமல் பணத்தைப் போடக்கூடாது அல்லவா?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. எங்கள் கணினியில் இருந்தது 8 ஜிபி ரேம். அதில் 90 விழுக்காட்டுக்கு மேல் எப்போதும் நிரம்பியே இருந்தது. ரேம் செருகும் இடங்கள் இரண்டில் ஒன்று காலி என்பதும் அங்கேயே தெரிந்தது.

ரேம் என்பது துணி வெட்டும் மேசை மாதிரி. ஹார்ட் டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ பீரோ மாதிரி. மேசை சிறியதாக இருந்தால், ஒரு துணியை மடித்து பீரோவில் வைத்துவிட்டுத்தான் அடுத்ததை விரிக்க முடியும். விண்டோஸும் அதைத்தான் செய்கிறது. எங்கள் கணினிக்குத் தேவைப்பட்டது பெரிய மேசை மட்டுமே.

ஒரே அளவில், ஒரே தயாரிப்பில் இரண்டு ரேம் கொண்ட ஜோடியை வாங்குவதுதான் உத்தமம். ஆனால், ஏஐ தரவு மையங்களின் பசியால் 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கிடுகிடுவென ஏறிவிட்டது. பினாங்கிலும் மூவாரிலும் ஆலைகள் வைத்திருக்கும் மைக்ரோன் நிறுவனம், நம்மைப் போன்றவர்கள் வாங்கும் 'குருஷியல்' வகை ரேம் விற்பனையைக் கைவிடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலையில், நன்றாக ஓடும் 8 ஜிபி ரேமைக் கழற்றி எறிய மனம் வரவில்லை. அதோடு ஒரு 16 ஜிபியைச் சேர்த்தால் என்ன?

சாலாக் செலாத்தானில் எல்ஆர்டி ஏறி, ஹங் துவாவில் மோனோரயிலுக்கு மாறி, இம்பியில் இறங்கி லோ யாட் பிளாசாவுக்கு நடந்தேன். முதல் கடையில், "அளவு மாறினால் சேராது, ஜோடியாகத்தான் வாங்க வேண்டும்" என்றார்கள். அடுத்த கடையில், "எதையும் எதோடும் போடலாம், பிரச்சினையே இல்லை" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் பாதி உண்மை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அளவு மாறினால் சேரும். கணினி இரண்டு தடங்கள் வழியாக ரேமுடன் பேசுகிறது. தடத்துக்கு ஒன்றாக ஒரே அளவு ரேம் இருந்தால் இரண்டு தடங்களும் முழுமையாகச் சேர்ந்து ஓடும். 8-உம் 16-உம் போட்டால், 16-இலிருந்து 8-ஐ எடுத்து, மற்ற 8-உடன் ஜோடி சேர்த்து, அந்த 16 ஜிபியை இரட்டைத் தடத்தில் ஓட்டும். மிச்சமுள்ள 8 ஜிபி ஒற்றைத் தடத்தில் ஓடும். ஆக மொத்தம் 24 ஜிபியும் பயன்படும். இண்டெல் இந்த வசதியை 2004-லேயே கொண்டுவந்துவிட்டது. 'ஃபிளெக்ஸ்' என்பது அதன் பெயர்.

சேராதது தலைமுறை. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டாது. மின்னழுத்தமும் வேறு. டிடிஆர்4-க்கு 1.2 வோல்ட், டிடிஆர்5-க்கு 1.1 வோல்ட். இரண்டுக்கும் 288 பின்கள் இருந்தாலும் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். பலவந்தமாக அழுத்தினால் மதர்போர்டு போய்விடும். மடிக்கணினி ரேம் அளவில் சிறியது. மேசைக் கணினியில் பொருந்தாது.

வேகம் மாறினால் சேரும். ஆனால், வண்டி மெதுவான மாட்டின் வேகத்தில்தான் போகும். என் பழைய ரேம் 2666, புதியது 3200. இரண்டும் 2666-இல்தான் ஓடும். அந்த வேகத்தில் ஒரு தடம் விநாடிக்குச் சுமார் 21 ஜிபி கடத்தும். இரண்டு தடமும் சேர்ந்தால் சுமார் 42 ஜிபி. கணக்கு எழுதவும் பாடம் படிக்கவும் இது தாராளம்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். '3200-க்குக் காசு கொடுத்துவிட்டு 2666-இல் ஓட்டுவதா?' என்று பயாஸுக்குள் போய் வேகத்தை 3200 என்று நானே மாற்றினேன். கணினி மறுபேச்சில்லாமல் திறந்தது. பறந்தது என்றே சொல்லலாம். மகனிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நீலத்திரை. மறுபடி திறந்தபோது மனைவியின் எக்செல் கோப்பு திறக்கவில்லை. முப்பது பேருக்கு மேல் கொடுத்த அளவுகள் அதில் இருந்தன. மனைவி ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை. நல்லவேளையாக, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் கோப்பைத் தன் வாட்ஸ்அப்புக்கே அனுப்பி வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. மிச்ச நான்கு நாள் கணக்கை நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து இருவரும் உட்கார்ந்து தட்டினோம்.

அன்றிரவு மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி ஓட்டினேன். சில நிமிடங்களிலேயே சிவப்பு வரிகள் கொட்டின. பழைய ரேமால் 3200-ஐத் தாங்க முடியவில்லை. தாங்க முடியாத ரேம் கணினியை உடனே நிறுத்திவிடாது. எழுதியதைத் தப்பாக நினைவில் வைத்துக்கொள்ளும். அந்தத் தப்பு அப்படியே கோப்பில் போய் விழும். இதுதான் ஆபத்து. பயாஸில் வேகத்தைத் தானியங்கிக்கு மாற்றி, விடிய விடிய மறுபடி ஓட்டினேன். ஒரு பிழைகூட இல்லை. 3200-க்கும் 2666-க்கும் எக்செல்லில் இன்றுவரை எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நீங்களும் ரேம் சேர்க்க நினைத்தால் இவற்றைக் கவனியுங்கள்:

• பழைய ரேமின் மேலுள்ள ஒட்டியைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தலைமுறை, வேகம் இரண்டும் அதில் இருக்கும்.

• மதர்போர்டு அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும் என்பதைக் கையேட்டில் பாருங்கள். நான்கு இடங்கள் இருந்தால் எந்த இரண்டில் செருகுவது என்பதும் அதில் இருக்கும்.

• விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினி என்றால், ரேமுக்குச் செலவழிக்கும் முன் யோசியுங்கள்.

• திறக்கும் முன் மின்கம்பியைப் பிடுங்கி, பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்குங்கள். ரேமைச் செருகும்போது கிளிப் 'டக்' என்று பூட்ட வேண்டும்.

• ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவார்களா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

• முக்கியமான கோப்புகளுக்கு நகல் எடுத்த பிறகே கை வையுங்கள். ஓர் இரவாவது சோதனை ஓட்டிய பிறகே வேலையை ஒப்படையுங்கள்.

பொங்கலுக்குள் எல்லா ரவிக்கைகளும் போய்ச் சேர்ந்தன. கணினி இப்போது தேநீர் கலக்க நேரம் கொடுப்பதில்லை. பயாஸ் பக்கம் நானும் போவதில்லை. வெள்ளிக்கிழமை நகல் அனுப்பும் வேலை மட்டும் இப்போது என்னுடையது.