ஒரே கியர் வண்டி

"வீட்டுலயே செஞ்ச விமானத்துக்குப் புது விசிறி மாட்டுனா, உடனே ஏறிப் பறந்து பாத்துரலாம்லண்ணே?" கம்பத்து டீக்கடையில் லேத் பட்டறைத் தம்பி கேட்டான். பறக்கிறது கடைசி வேலைடா என்றேன்.

மலைக்கு அந்தப் பக்கம் தொடுபுழாவுக்கு அருகே சஜி தாமஸ் என்று ஒருவர். காது கேளாது, பேச வராது. ரப்பர் தோட்டத்துக்கு மருந்தடிக்க வந்த ஹெலிகாப்டரைச் சின்ன வயதில் பார்த்ததில் பிடித்த ஆசை. இலகுரக விமானம் ஒன்றைத் தானே செய்தார். 2014இல் அது அம்பாசமுத்திரம் பக்கம் மணிமுத்தாறில் பறந்தது. தம்பி அவரைப் பற்றி எங்கோ படித்திருக்கிறான்.

விசிறியில் பார்க்க வேண்டியது இரண்டு அளவு. ஒன்று விட்டம். மற்றது பிட்ச்: மரத்தில் இறங்கும் திருகாணி போல, ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேற வேண்டும் என்ற கணக்கு. லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும்போது முதல் கியர், தேனி ரோட்டில் டாப் கியர் போடுகிறோம் அல்லவா? குறைந்த பிட்ச் முதல் கியர்: சீக்கிரம் தரையை விட்டு எழும்பும், வேகம் வராது. கூடின பிட்ச் டாப் கியர்: வேகம் உண்டு, எழும்ப நீளமான ஓடுதளம் கேட்கும். பிட்ச் மாற்ற முடியாத விசிறி என்றால், எல்லாப் பாதைக்கும் ஒரே கியர்தான். அது மாட்டப்போகும் எஞ்சினுக்குப் பொருந்துகிறதா என்பதைத்தான் சோதிக்கிறார்கள்.

முதலில், நடுத்துளையில் கம்பி செருகிக் கிடையாக நிறுத்தினால் எந்தப் பக்கமும் தாழக் கூடாது. மாட்டிய பிறகு, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, ஒரு நுனிக்கு நேராக ஸ்டூலில் குச்சியை நிறுத்திக் கையால் சுற்ற வேண்டும். அடுத்த நுனியும் அதே இடத்தில் வர வேண்டும். மர விசிறியில் 3 மில்லிமீட்டர் வரை விலகினால் பொறுக்கலாம்.

அடுத்து வாலைக் கட்டிப்போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முழு த்ராட்டில். விசிறியின் பக்கவாட்டில் ஆள் நிற்கக் கூடாது. 5 அடி விசிறி நிமிடத்துக்கு 2500 சுற்றினால் நுனியின் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டும்.

அப்போது சுற்று காட்டும் மீட்டர் எஞ்சினின் உச்சவரம்பைத் தொடக் கூடாது. விமானம் முன்னே போகப் போக விசிறியின் சுமை குறைந்து சுற்று ஏறும். அதற்கு இடம் வேண்டும். செஸ்னா 172என் விமானத்துக்கு வரம்பு நிமிடத்துக்கு 2700 சுற்று. நின்ற இடத்தில் 2280 முதல் 2400 வரை வந்தால் சரி. அதற்குக் கீழே என்றால் எஞ்சின் முக்குகிறது, பிட்ச் அதிகமாக இருக்கலாம். மேலே என்றால் பிட்ச் போதவில்லை. வானத்தில் எஞ்சின் வரம்பு மீறி ஓடும்.

இதெல்லாம் முடிந்தபின் ஓடுதளத்தில் ஓட்டம், பிறகு பறப்பு. இறங்கியதும் போல்ட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும். மழைக்கு ஊதிய கதவு கோடையில் லொடலொடப்பது போல மர விசிறியும் சுருங்கும், பிடி தளரும்.

"மீட்டர் எதுக்குண்ணே? சத்தத்த வச்சே நான் மோட்டார் சுத்தச் சொல்லிருவேனே."

"நூறு சுத்து வித்தியாசத்த உன் காது பிடிக்குமா?"

கொஞ்சம் யோசித்தான். "சஜிக்குக் காதே கேக்காதுல்ல" என்று கிளாஸைக் கீழே வைத்தான்.