விரலில் ஒரு டைனோசர்! கல்லான எலும்பு கல்யாண மோதிரமாகும் கதை

அந்த மோதிரத்தை ஃபோனில் முதலில் பார்த்தபோது, யாரோ தேன்கூட்டைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். செக்கச்சிவந்த குட்டிக் குட்டி அறைகள், ஒவ்வோர் அறையைச் சுற்றியும் கறுப்புக் கரை. விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தால் அறைக்குள்ளே கண்ணாடிபோல ஒரு மினுமினுப்பு. கீழே விற்பவர் எழுதியிருந்தார்: 'அசல் டைனோசர் எலும்பு. வயது 15 கோடி ஆண்டுகள்.'

சும்மா கதை விடுகிறார்கள் என்று தோன்றுகிறதா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால், கதை இல்லை. அமெரிக்காவில் இந்தக் கல்லுக்கு 'ஜெம் போன்' என்று பெயரே உண்டு. மோதிரம், டாலர், கம்மல் என எல்லாவற்றிலும் பதிக்கிறார்கள். ஆண்களுக்கான கல்யாண மோதிரத்தில் வளையம் முழுக்க இந்த எலும்பைப் பட்டையாகப் பதிப்பது அங்கே ஒரு ட்ரெண்ட். சுவிஸ் கைக்கடிகாரங்களில்கூட டைனோசர் எலும்பை மெல்லியதாக அறுத்து டயலாக வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு அழகான ஒரு பொருளுக்குப் பின்னால் போலீஸ், கோர்ட், கடத்தல் எல்லாம் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

எலும்பு எப்படிக் கல்லானது?

திருவக்கரை வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் போனவர்கள், பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவையும் பார்த்திருப்பீர்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் கட்டை, தொட்டுப் பார்த்தால் பாறை. மரத்துக்கு அங்கே என்ன நடந்ததோ, கிட்டத்தட்ட அதேதான் அமெரிக்காவில் டைனோசர் எலும்புக்கும் நடந்திருக்கிறது.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மாரிசன் என்று ஒரு பாறை அடுக்கு இருக்கிறது. யூட்டா, கொலராடோ, வயோமிங் என்று பல மாநிலங்களுக்குக் கீழே படுத்திருக்கும் அடுக்கு அது. ஆலோசாரஸ், ஸ்டெகோசாரஸ், டிப்ளோடோகஸ் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் பெயர்களில் பல இங்கிருந்து கிடைத்தவைதான். அந்தக் காலத்தில் அங்கே ஆறுகளும் வெள்ளச் சமவெளிகளும் இருந்தன. செத்து விழுந்த டைனோசரை வெள்ளம் கொண்டுவந்த மணலும் சேறும் மூடிவிடும். மேற்கே இருந்த எரிமலைகளின் சாம்பலும் அதோடு சேர்ந்து படியும்.

அந்தச் சாம்பல்தான் முக்கியமான சரக்கு. அதில் சிலிக்கா நிறைய. நிலத்தடி நீர் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு எலும்புக்குள் ஊறும். ஆட்டு எலும்பை உடைத்தால் உள்ளே பஞ்சு மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்குமே, மஜ்ஜை இருக்கும் இடம்? டைனோசர் எலும்பிலும் அந்தப் பொத்தல்கள் உண்டு. சிலிக்கா அவற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து கெட்டியாகிவிடுகிறது. மோதிரத்தில் நாம் பார்க்கும் 'அறைகள்' அவைதான். விற்பவர்கள் இதை 'செல்' என்று சொல்வார்கள். உயிரியல் பாடத்தில் படித்த செல் இல்லை இது. அந்த செல்லைப் பார்க்க மைக்ரோஸ்கோப் வேண்டும்.

நிறங்கள் வருவது கூடவே வந்த தாதுக்களால். இரும்பு இருந்தால் சிவப்பு, மஞ்சள், பழுப்பு. மாங்கனீஸ் இருந்தால் கறுப்பு. ஒரே எலும்பில் ஒரு பக்கம் ஆரஞ்சும் இன்னொரு பக்கம் சாம்பல் நீலமும்கூட வரலாம். அதனால்தான் இரண்டு மோதிரங்கள் ஒன்றுபோல இருக்காது.

எல்லா டைனோசர் எலும்பும் இப்படி ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலானவை பழுப்போ சாம்பலோ கலந்த சாதாரணக் கல்லாகத்தான் கிடைக்கின்றன. பொடிப்பொடியாக உதிர்பவையும் உண்டு. நகைக்கு ஏற்ற மாதிரி கெட்டியாகவும் வண்ணமாகவும் அமைவது கொஞ்சம்தான். விலை ஏறுவதும் அதனால்தான்.

பட்டறையில்

குவார்ட்ஸ் ரகக் கல் என்பதால் ஜெம் போன் நல்ல உறுதி. சாதாரண ரம்பம் ஏறாது, வைர ரம்பம் வேண்டும். முதலில் பலகை பலகையாக அறுப்பார்கள். பிறகு நம் ஊர் பவள மோதிரத்தில் பவளம் இருக்குமே, அடியில் தட்டையாக, மேலே உப்பலாக, அந்த உருவத்துக்குத் தேய்த்து மெருகேற்றுவார்கள். வெடிப்பு இருந்தால் ரெசின் ஊற்றி இறுக்குவதும் உண்டு. இப்படி ரெசின் ஏற்றிய கல்லை வீட்டில் சுத்தம் செய்ய மிதமான சோப்பு நீரே போதும். காரமான கெமிக்கல் பக்கம் போகக் கூடாது.

அறுக்கும்போது தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், முகத்தில் மாஸ்க் இருக்க வேண்டும். சிலிக்கா தூசு நுரையீரலுக்குள் போனால் சிலிகோசிஸ் வரும். கல்குவாரிக்காரர்களுக்கு வருகிற அதே நோய். போதாததற்கு, மாரிசன் அடுக்கில் யுரேனியமும் உண்டு. நிலத்தடி நீரோடு அதுவும் சில எலும்புகளுக்குள் புகுந்திருக்கிறது. அப்படிக் கதிர்வீச்சு உள்ள எலும்புகளை அருங்காட்சியகங்கள் அளந்து பார்த்துத் தனியாக வைக்கின்றன.

இடையில் ஒரு தகவல். எலும்பு மட்டுமல்ல, கல்லாகிப்போன சாணத்தையும் விட்டுவைக்கவில்லை மனிதர்கள். புதைபடிவச் சாணத்தை மெருகேற்றி மணியாகவும் டாலராகவும் விற்கிறார்கள். 19-ம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிஞர் வில்லியம் பக்லண்ட் வீட்டில் மேல்பலகை முழுக்கக் கல்லான சாணத் துண்டுகள் பதித்த மேசையே இருந்தது. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.

யார் நிலத்தில் எடுத்தது?

அமெரிக்கச் சட்டம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: எலும்பு யார் நிலத்தில் கிடைத்தது?

தனியார் நிலம் என்றால் எலும்பு நிலத்துக்காரருக்குச் சொந்தம். அவர் விற்கலாம், மோதிரம் செய்யலாம், யாரும் கேட்க முடியாது. மத்திய அரசு நிலம் என்றால் கதையே வேறு. 2009-ல் வந்த தொல்லுயிர் வளப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அங்கே டைனோசர் போன்ற முதுகெலும்புள்ள உயிர்களின் எச்சங்களை அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. அனுமதி ஆய்வாளர்களுக்குத்தான் கிடைக்கும். அவர்கள் எடுத்தாலும் அது அரசின் சொத்தாகவே இருக்கும். ஆச்சரியம் என்னவென்றால், அதே நிலத்தில் கல்மரத்துக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. பல இடங்களில் சொந்த உபயோகத்துக்கு ஓர் அளவு வரை எடுத்துக்கொள்ளலாம். எலும்பு என்றால் சின்னத் துண்டும் கூடாது.

சிக்கல் என்னவென்றால், வேலிக்கு இந்தப் பக்கம் கிடைத்த எலும்புக்கும் அந்தப் பக்கம் கிடைத்த எலும்புக்கும் மெருகேற்றிய பிறகு கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

2023 அக்டோபரில் யூட்டாவில் நான்கு பேர்மீது அமெரிக்க அரசு குற்றச்சாட்டு பதிவு செய்தது. 2018-லிருந்து 2023 வரை அரசு நிலங்களிலிருந்து திருடப்பட்ட டைனோசர் எலும்புகளை வாங்கி விற்றார்கள் என்பது புகார். எடை சுமார் 68,000 கிலோ. மதிப்பு 10 லட்சம் டாலருக்கும் மேல். பொருளின் பெயரை மாற்றியும் விலையைக் குறைத்துக் காட்டியும் சீனாவுக்கு அனுப்பினார்கள் என்றது அரசுத் தரப்பு. விற்பனை மதிப்பு, அறிவியல் இழப்பு, தோண்டிய நிலத்தைச் சரிசெய்யும் செலவு எல்லாம் சேர்த்து 30 லட்சம் டாலருக்கு மேல் சேதம் என்றும் கணக்குச் சொன்னது.

ஆகவே, ஆன்லைனில் இப்படி ஒரு மோதிரத்தைப் பார்த்து ஆசைப்பட்டால், 'ஒரிஜினலா?' என்பதோடு 'எந்த மாநிலம், யாருடைய நிலம், பேப்பர் இருக்கிறதா?' என்றும் கேளுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்பவர்கள் பதில் வைத்திருப்பார்கள். 'இது மாரிசன் அடுக்கில் கிடைத்த டி-ரெக்ஸ் எலும்பு' என்று யாராவது சொன்னால் அந்த விண்டோவை மூடிவிடலாம். மாரிசன் எலும்புகளுக்கு 15 கோடி வயது. டி-ரெக்ஸ் வாழ்ந்ததோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை. நடுவில் 8 கோடி ஆண்டுகள் இடிக்கிறது.

'உடைசல்தானே?'

நகைக்காரர்கள் பக்கம் ஒரு வாதம் இருக்கிறது. அதை லேசில் தள்ளிவிட முடியாது. 'நாங்கள் முழு எலும்புக்கூட்டையா அறுக்கிறோம்? வெயிலிலும் மழையிலும் சிதறிக் கிடக்கும் துண்டுகள்தானே? எந்த விலங்கு என்றுகூட அதில் தெரியாது. விட்டால் இன்னும் கொஞ்ச காலத்தில் மண்ணாகிவிடும். மோதிரமானால் நிலைக்குமே' என்கிறார்கள். நிறையத் துண்டுகளைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

ஆனால் உடைசல் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம். 1990 ஆகஸ்ட், தெற்கு டகோட்டா மாநிலம். புதைபடிவம் தேடிப் போன குழுவின் வண்டி டயர் பஞ்சர். மற்றவர்கள் அதைச் சரிசெய்யப் போக, சூ ஹெண்ட்ரிக்சன் என்ற பெண் மட்டும் அதுவரை பார்க்காமல் விட்ட ஒரு குன்றின் பக்கம் நடந்திருக்கிறார். அடிவாரத்தில் சில எலும்புத் துண்டுகள். எங்கிருந்து விழுந்தவை என்று நிமிர்ந்து பார்த்தால், மேலே பாறையில் பெரிய பெரிய எலும்புகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இன்று சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் நிற்கும் 'சூ' என்ற டி-ரெக்ஸ் அதுதான். அந்த எலும்புக்கூடும் நிலம் யாருடையது என்ற வழக்கில் சிக்கி, 1992-ல் எஃப்.பி.ஐ அதைப் பறிமுதல் செய்து, கடைசியில் 1997-ல் 83.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

புதைபடிவம் தேடுபவர்கள் வேலை செய்வதே இப்படித்தான். சரிவில் கிடக்கும் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவார்கள். அன்று அந்தத் துண்டுகளை யாராவது முன்னாடியே பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால்?

அறுப்பதே தப்பு என்று இல்லை. விஞ்ஞானிகளும் டைனோசர் எலும்பை அறுக்கிறார்கள், மெருகேற்றுகிறார்கள். மரத்தின் வளையங்களைப் போல எலும்பிலும் வளர்ச்சிக் கோடுகள் உண்டு. மெல்லிய சீவலாக எடுத்து அவற்றை எண்ணித்தான் 'சூ' சாகும்போது வயது 28 என்று கண்டுபிடித்தார்கள். அறுப்பதற்கு முன்பு அந்தச் சீவல் எந்த விலங்கின் எந்த எலும்பு, எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடைத்தது என்று எழுதி வைத்திருப்பார்கள். மோதிரத்தில் தொலைவது அந்த முகவரிதான்.

பையில் வந்த தாடை

ஆஸ்திரேலியாவில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. அங்கே லைட்னிங் ரிட்ஜ் என்ற ஊரைச் சுற்றி ஓபல் சுரங்கங்கள். டைனோசர் எலும்புகள் சில அங்கே ஓபலாகவே மாறியிருக்கின்றன. நீலமும் பச்சையுமாக ஜொலிக்கும். ஓபலைத் தேடித் தோண்டுபவர்களின் கையில்தான் அவை முதலில் சிக்கும். அவற்றில் எத்தனை, எலும்பு என்றே தெரியாமல் டாலராகிப் போனதோ!

மைக் போபன் என்ற ஓபல் வியாபாரி, சுரங்கக்காரர்களிடம் பை நிறையக் கச்சாக் கல் வாங்கியிருந்தார். பிரித்துப் பார்த்தபோது ஒரு துண்டில் வரிசையாகப் பற்கள்! அதை அறுத்திருந்தால் நல்ல காசு. அவர் அறுக்கவில்லை, ஆய்வாளர்களிடம் கொண்டுபோய்க் காட்டினார். அது கீழ்த்தாடைத் துண்டு, நாய் அளவில் இருந்த ஒரு தாவர உண்ணி டைனோசருடையது. அறிவியலுக்கே புது இனம். கிடைத்த இடத்தின் பெயரான வீ வாராவைச் சேர்த்தும், அவருடைய பெயரைச் சேர்த்தும் 2018-ல் 'வீவாராசாரஸ் போபெனி' என்று பெயர் வைத்தார்கள். அந்தத் தாடை இப்போது லைட்னிங் ரிட்ஜின் ஆஸ்திரேலிய ஓபல் மையத்தில் இருக்கிறது.

நம் அரியலூர் எலும்பு

நம் ஊரிலும் எலும்பும் முகவரியும் பிரிந்த கதை ஒன்று உண்டு, தலைகீழாக. அரியலூர்ப் பகுதியில் கல்லமேடு கிராமத்துக்குப் பக்கத்தில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் பிரம்மாண்டமான எலும்புகளைக் கண்டுபிடித்தார்கள். கால் எலும்பு ஒன்று மட்டுமே 2 மீட்டர் நீளம். 1980-களின் கடைசியில் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டு அறிவித்தார்கள். பிரம்மாண்ட உடல் கொண்டது என்று அர்த்தம். உலகில் வாழ்ந்த மிகப்பெரிய நில விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம், எடை 100 டன்னைத் தாண்டும் என்றுகூடச் சிலர் கணக்குப் போடுகிறார்கள்.

யூட்டா எலும்பின் உறுதி இந்த எலும்புக்கு இல்லை. உதிர்ந்தே போய்விட்டது. இன்று தொட்டுப் பார்க்க ஒரு துண்டு இல்லை. ஆனால் எந்த இடம், எந்த அடுக்கு, என்ன அளவு என்று எழுதியிருந்தார்கள். படம் வரைந்திருந்தார்கள், ஃபோட்டோ எடுத்திருந்தார்கள். அந்தப் பழைய ஃபோட்டோக்கள் 2022-ல் வெளியாகின. அதுவரை 'அது எலும்பே இல்லை, கல்மரமாக இருக்கும்' என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. ஃபோட்டோக்களைப் பார்த்த பிறகு, அது எவ்வளவு பெரியது என்ற கணக்கை ஆய்வாளர்கள் மறுபடி போடத் தொடங்கினார்கள்.